ஃப்ளூ காய்ச்சலின் முதல் சில நாள்கள்: என்.கே. செல்கள் உள்ளே என்ன செய்கின்றன?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்தால் போதும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துச் சின்ன கிளினிக்குகளில் சாயங்காலக் கூட்டம் பிளாட்பாரம் வரை வந்துவிடும். காய்ச்சல், தொண்டை வலி, வறட்டு இருமல், அடித்துப் போட்டது மாதிரி உடம்பு வலி. டாக்டர் சொல்வதும் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: "வைரல் ஃபீவர். மூணு நாலு நாள் இருக்கும். பாராசிட்டமால் போடுங்க, வெந்நீர் குடிங்க, ரெஸ்ட் எடுங்க." நம்மில் நிறைய பேருக்கு இதில் திருப்தி இருப்பதில்லை. ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்? வெளியே வந்ததும் மெடிக்கலில், "அண்ணா, ஆன்டிபயாடிக் ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறோம். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்று தெரிந்தவர்கள்கூட.

அந்த "மூணு நாலு நாள்" உடம்பு சும்மா இருப்பதில்லை. ஆன்டிபாடி என்று நாம் அடிக்கடி கேள்விப்படும் ஆயுதம் அந்த நாள்களில் பெரும்பாலும் தயாராகியிருக்காது. வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்லும் டி செல்களும் அப்போதுதான் பெருகத் தொடங்கியிருக்கும். அந்த இடைவெளியில் வைரஸ் கட்டுமீறிப் போகாமல் பிடித்து வைப்பவற்றில் முக்கியமானவை இயற்கைக் கொல்லி செல்கள். ஆங்கிலத்தில் நேச்சுரல் கில்லர், ஆய்வகங்களில் சுருக்கமாக என்.கே. செல்கள் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் ஃப்ளூ அல்ல. நம் பகுதியில் டெங்கு உண்டு, டைஃபாய்டு உண்டு, தேங்கிய தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். அவற்றின் கதை வேறு. இங்கே பேசப்போவது இன்ஃப்ளூயன்சா வைரஸ் கொண்டுவரும் காய்ச்சலை மட்டும். டெல்லி மாதிரி ஊர்களில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் தொடும். சென்னையில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில் கூடும். ஆனால் வைரஸ் காலண்டர் பார்த்து வருவதில்லை. 2023 மார்ச்சில், நல்ல வெயில் தொடங்கும் நேரத்தில், எச்3என்2 வகை நாடு முழுக்கப் பரவியதும் தமிழ்நாட்டில் காய்ச்சல் முகாம்கள் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

சரி, வைரஸ் எப்படி உள்ளே போகிறது?

இன்ஃப்ளூயன்சா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர் அகலம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பத்தாயிரம் வைரஸ்களை வரிசையாக அடுக்கலாம். அதன் மேல்புறத்தில் இரண்டு முக்கியமான புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று ஹீமாக்ளூட்டினின், இன்னொன்று நியூராமினிடேஸ். எச்1என்1, எச்3என்2 என்று செய்திகளில் வரும் 'எச்', 'என்' இரண்டும் இந்தப் புரதங்களின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகள்தான். நம் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உள்சுவரில் இருக்கும் செல்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற ஒரு சர்க்கரை வகை இருக்கிறது. வைரஸ் தன் ஹீமாக்ளூட்டினினால் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே போய், செல்லின் சொந்த உபகரணங்களையே பயன்படுத்தித் தன்னைப் பிரதியெடுக்கிறது. சுமார் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் புது வைரஸ்கள் வெளிவரத் தொடங்கும். வெளியே வரும்போது அவையும் அதே சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதை வெட்டி விடுவித்து அடுத்த செல்லுக்குப் போக உதவுவது நியூராமினிடேஸ். ஹீமாக்ளூட்டினின் பற்றும், நியூராமினிடேஸ் வெட்டும், இடையில் இருப்பது சியாலிக் அமிலம். இந்த மூன்றையும் மறந்துவிடாதீர்கள், இன்னும் சில பத்திகளில் தேவைப்படும்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை என்றால், காலையில் சில செல்களில் தொடங்கியது மறுநாள் காலைக்குள் எவ்வளவு பெருகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட வைரஸுக்கு எதிரான டி செல்கள் தேவையான எண்ணிக்கையில் நுரையீரலுக்கு வந்து சேர ஐந்து முதல் ஏழு நாள் ஆகிறது. முதல் தடவையாக ஒரு வைரஸைச் சந்திக்கும் உடம்பில் போதுமான ஆன்டிபாடி உருவாக ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். நோய் தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய சராசரியாக இரண்டு நாள். அறிகுறி தொடங்கி முதல் இரண்டு மூன்று நாளில்தான் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் உச்சத்தில் இருக்கும். அதாவது பாடம் படித்துத் தேறிய படைகள் வருவதற்கு முன்பே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. படிக்காமலேயே வேலை தெரிந்த யாராவது அங்கே இருந்தாக வேண்டும்.

என்.கே. செல்கள் அப்படிப்பட்டவை. இவையும் வெள்ளை அணுக்கள்தான், டி செல், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல் ஆகியவை சேர்ந்திருக்கும் லிம்போசைட் குடும்பத்தைச் சேர்ந்தவை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்தில் சுற்றுகின்றன. ரத்தத்தில் இருக்கும் லிம்போசைட்டுகளில் சுமார் 5 முதல் 15 சதவீதம் இவை. நுரையீரலில் இந்தப் பங்கு இன்னும் கொஞ்சம் அதிகம், 10 முதல் 20 சதவீதம் வரை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நச்சுப் புரதங்கள் அடங்கிய சின்னச் சின்னப் பைகள் முன்கூட்டியே தயாராக இருக்கும். ஆபத்து வந்த பிறகு தயாரிக்கத் தொடங்க வேண்டியதில்லை.

இவற்றைக் கண்டுபிடித்த விதம் சுவாரஸ்யமானது. 1970களில் புற்றுநோய் ஆய்வாளர்கள், புற்றுநோய்க்கு எதிராகப் பழக்கப்படுத்திய லிம்போசைட்டுகள் கட்டிச் செல்களை எப்படிக் கொல்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார்கள். ஒப்பிடுவதற்காக, எந்தப் பழக்கமும் இல்லாத ஆரோக்கியமான விலங்கின் செல்களையும் வைத்துப் பார்த்தார்கள். அவை சும்மா இருக்க வேண்டும். இருக்கவில்லை, அவையும் கொன்றன. சோதனையில் ஏதோ கோளாறு என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். 1975ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனின் குழுவும் அது கோளாறு இல்லை, தனி வகைச் செல் ஒன்றின் வேலை என்று காட்டினார்கள். முன்பயிற்சி இல்லாமல் இயல்பாகவே கொல்வதால்தான் அந்தப் பெயர்.

பயிற்சி இல்லாத செல் யாரைக் கொல்ல வேண்டும், யாரை விட வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறது? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பள்ளிப் பாடங்களில் இது ஓரிரு வரியில் கடந்துபோய்விடுகிறது.

நம் உடம்பில் கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களும் தம் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற புரதத்தை வைத்திருக்கும். செல்லுக்குள் என்னென்ன புரதங்கள் தயாராகின்றன என்பதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மாதிரியை எடுத்து, எச்.எல்.ஏ. அதை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். டி செல்கள் அந்த மாதிரியைப் பார்த்துத்தான் உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று அறிகின்றன. என்.கே. செல்லுக்கு மாதிரியின் விவரத்தில் அவ்வளவு அக்கறை இல்லை. எச்.எல்.ஏ. இருக்கிறதா என்பதைத்தான் அது முதலில் பார்க்கிறது. இருந்தால் அதைத் தொடும் தடுப்பு ஏற்பிகள் (என்.கே. செல்லின் மேல் நீட்டிக்கொண்டு, வெளியே தொட்டதை உள்ளே தெரிவிக்கும் புரதங்கள்), 'விட்டுவிடு' என்று சொல்லும். இல்லையென்றால் அந்தத் தடை விலகிவிடும். 1986ல் கிளாஸ் கேர்ரேயும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதை எலிகளில் காட்டினார்கள். எலிகளில் எச்.எல்.ஏ.வுக்கு இணையான புரதத்தை இழந்த புற்றுச் செல்கள் என்.கே. செல்களிடம் மாட்டின, அந்தப் புரதத்தை வைத்திருந்த அதே வகைச் செல்கள் தப்பின. இருக்கக்கூடாதது இருப்பதைத் தேடுவதுதான் நோயெதிர்ப்பு என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். இருக்க வேண்டியது இல்லாமல் போவதையும் ஒரு செல் கவனிக்கிறது என்பது புதுச் செய்தி.

அது மட்டும் போதாது. தடுப்பு ஏற்பிகள் போலவே தூண்டும் ஏற்பிகளும் என்.கே. செல்லில் உண்டு. வைரஸ் புகுந்ததாலோ வேறு சேதத்தாலோ அல்லாடும் செல், சாதாரணமாகக் காட்டாத சில புரதங்களை மேற்பரப்புக்கு அனுப்பும். தூண்டும் ஏற்பிகள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். துறைமுக கேட்டில் நிற்கும் கன்டெய்னர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். சீல் சரியாக இருந்தால் வண்டி போகும். சீல் இல்லையென்றால் நிறுத்துவார்கள். சீல் சரியாகவே இருந்தாலும் கன்டெய்னருக்கு அடியில் ஏதோ ஒழுகுகிறது, நெடி அடிக்கிறது என்றால் அப்போதும் விடமாட்டார்கள். என்.கே. செல் ஒவ்வொரு செல்லையும் தொட்டு இந்த இரண்டு வகைச் சமிக்ஞைகளையும் சேர்த்து எடைபோடுகிறது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அதன்படி நடக்கிறது. கன்டெய்னருக்குள் இருக்கும் சரக்கின் பெயர் அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

டியூஷனில் இதைச் சொன்னபோது பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்ப ஃப்ளூ வந்தா எச்.எல்.ஏ. காணாமப் போயிடுமா சார்?" நல்ல கேள்வி. சின்னம்மை வைரஸ் சேர்ந்திருக்கும் ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ்கள் சில அப்படிச் செய்கின்றன. டி செல் கண்ணில் படாமல் இருக்க எச்.எல்.ஏ.வை உள்ளேயே பிடித்து வைத்துவிடும். இன்ஃப்ளூயன்சா அந்த வழியை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. தொற்றிய செல்லில் எச்.எல்.ஏ. பெரும்பாலும் இருந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஃப்ளூ விஷயத்தில் தராசைச் சாய்ப்பது முக்கியமாகத் தூண்டும் பக்கம்தான்.

வைரஸின் ஹீமாக்ளூட்டினின் சியாலிக் அமிலத்தைப் பற்றும் என்று பார்த்தோம் இல்லையா? வைரஸ் பெருகும்போது, தொற்றிய செல்லின் மேற்பரப்பிலேயே ஹீமாக்ளூட்டினின் வந்து நிற்கும். புது வைரஸ்கள் அந்த மேற்பரப்பிலிருந்துதான் மொட்டுவிட்டுப் பிரிகின்றன, வேறு வழியில்லை. என்.கே. செல்லிடம் என்.கே.பி.46 என்றொரு தூண்டும் ஏற்பி இருக்கிறது. அதன் மேல் சியாலிக் அமிலம் இருக்கிறது. என்.கே. செல் பக்கத்தில் வந்து உரசியதும், ஹீமாக்ளூட்டினின் தன் வழக்கப்படி அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடியே என்.கே. செல்லுக்கு 'இங்கே அடி' என்ற சமிக்ஞை ஆகிவிடுகிறது. 2001ல் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ஓஃபர் மாண்டல்பாய்மும் அவருடைய குழுவினரும் இதை வெளியிட்டார்கள். எந்தப் புரதத்தால் வைரஸ் நம் செல்லுக்குள் நுழைகிறதோ, அதே புரதத்தால் பிடிபடுகிறது. ஹீமாக்ளூட்டினின் ஆண்டுக்காண்டு உருமாறிக்கொண்டே இருந்தாலும் சியாலிக் அமிலத்தைப் பற்றும் வேலையை அதனால் கைவிட முடியாது. கைவிட்டால் செல்லுக்குள்ளேயே நுழைய முடியாதே.

இது எவ்வளவு முக்கியம் என்று 2006ல் எலிகளில் சோதித்துப் பார்த்தார்கள். இந்த ஒரு ஏற்பி மட்டும் இல்லாத எலிகளுக்கு இன்ஃப்ளூயன்சா தொற்ற வைத்தபோது, மற்ற எலிகளைவிட அவற்றில் இறப்பு மிக அதிகமாக இருந்தது.

என்.கே. செல்கள் தாமாகவும் சுற்றிப் பார்க்கும். ஆனால் அவை முழு வேகம் எடுக்க ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும். வைரஸ் நுழைந்ததை உணர்ந்த செல்லும், அருகிலிருக்கும் காவல் செல்களும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிடும். அது பக்கத்துச் செல்களை வைரஸுக்கு இடம் கொடுக்காத நிலைக்குக் கொண்டுபோகும், அதோடு என்.கே. செல்களையும் முடுக்கிவிடும். இன்டர்லூகின்-12, 15, 18 என்று இன்னும் சில செய்திப் புரதங்களும் சேர்ந்துகொள்ளும். இன்டர்ஃபெரானைக் கண்டுபிடிக்க உதவியதே இன்ஃப்ளூயன்சாதான். 1957ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டென்மானும், சூடாக்கிச் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழி முட்டைக் கருவின் சவ்வில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு உயிருள்ள வைரஸால் அங்கே சரியாகப் பெருக முடியவில்லை. சவ்விலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளிவந்து குறுக்கே நிற்கிறது என்று கண்டுகொண்டார்கள். அதே ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்தான் 1933ல் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததும்.

ஒரு இடைச்செருகல். ஃப்ளூ வந்தால் கை, கால், இடுப்பு எல்லாம் வலிக்கிறதே, வைரஸ் அங்கெல்லாம் போய்விட்டதா என்று பலர் நினைப்பதுண்டு. வைரஸ் பெரும்பாலும் மூச்சுப் பாதையோடு நின்றுவிடுகிறது. காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் சோர்வுக்கும் பெரும்பங்குக் காரணம் இந்தச் செய்திப் புரதங்கள்தான். அவை ரத்தத்தில் கலந்து மூளை வரை போகின்றன.

இனி கொல்லும் வேலை. என்.கே. செல், தொற்றிய செல்லோடு நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே தயாராக இருந்த பைகள் ஒட்டிய பக்கம் நகர்ந்து, இரண்டு செல்களுக்கும் இடைப்பட்ட குறுகிய இடத்தில் தம் சரக்கைக் கொட்டும். அதில் பெர்ஃபோரின் என்ற புரதம் எதிர்ச் செல்லின் சவ்வில் துளை போடும். துளை வழியே கிரான்சைம் என்ற நொதிகள் உள்ளே போகும். அவை செல்லை வெடிக்கச் செய்வதில்லை. எல்லாச் செல்களுக்குள்ளும் இருக்கும் தற்கொலை ஏற்பாட்டைத்தான் கிளப்பிவிடும். செல் சுருங்கி, டி.என்.ஏ. துண்டாகி, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரியும். மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து அவற்றை விழுங்கிச் சுத்தம் செய்யும். பாதி தயாரான வைரஸ்கள் அப்படியே அழியும். வேலை முடிந்ததும் என்.கே. செல் கழன்றுகொண்டு அடுத்ததைத் தேடும். ஒரே என்.கே. செல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல செல்களைக் கொல்ல முடியும்.

நம் செல்லை நாமே கொல்வது எப்படி நல்லதாகும் என்ற கேள்வி எப்போதும் வரும். அந்தச் செல் ஏற்கெனவே வைரஸுக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது, இனி நமக்கு அது பயன்படப்போவதில்லை. சில மணி நேரம் முன்னதாக அது செத்தால், பக்கத்தில் இருக்கும் பல செல்கள் பிழைக்கும். மூச்சுக்குழாயின் உள்சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திறன் உள்ளது. காய்ச்சல் விட்ட பிறகும் வறட்டு இருமல் வாரக்கணக்கில் தொடர்வதற்கு, அந்தப் புதுப்பிக்கும் வேலை இன்னும் முடியாததும் ஒரு காரணம்.

கொல்வதோடு என்.கே. செல்லின் வேலை முடிவதில்லை. இன்டர்ஃபெரான்-காமா என்ற வேறொரு வகை இன்டர்ஃபெரானை அது நிறைய வெளியிடுகிறது. அது மேக்ரோஃபேஜ்களைச் சுறுசுறுப்பாக்கும், பின்னால் வரவிருக்கும் டி செல்கள் எந்த வகையில் வளர வேண்டும் என்பதிலும் பங்கு வகிக்கும். சில நாள் கழித்து வந்து சேரும் படைக்கு வழிகாட்டுவதும் இவைதான்.

வைரஸ் இதற்கெல்லாம் சும்மா இருக்குமா? இங்கேதான் நியூராமினிடேஸ் மறுபடி வருகிறது. சியாலிக் அமிலத்தை வெட்டுவது அதன் வேலை. என்.கே.பி.46 மேல் இருக்கும் சியாலிக் அமிலத்தையும் அது வெட்டிவிடுகிறது. பிடித்துக்கொள்ளச் சர்க்கரை இல்லாவிட்டால் ஹீமாக்ளூட்டினினின் பிடி தளரும், என்.கே. செல்லுக்குச் சமிக்ஞை மங்கும். 2013ல் இதை விளக்கிய ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 2009 பன்றிக்காய்ச்சல் காலத்தில் டாமிஃப்ளூ என்ற பெயரில் பேசப்பட்டது. அது நியூராமினிடேஸை முடக்கும் மருந்து. புது வைரஸ்கள் செல்லிலிருந்து விடுபட முடியாமல் செய்வது அதன் அறியப்பட்ட வேலை. அதே நேரத்தில் என்.கே. செல்லின் ஏற்பி வெட்டுப்படாமல் காத்து, தொற்றிய செல்லை அது அடையாளம் காணவும் இவ்வகை மருந்துகள் உதவுகின்றன என்று அந்த ஆய்வு காட்டியது. இந்த மாத்திரையை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். வைரஸ் எந்த நாள்களில் உச்சத்தில் இருக்கும் என்று பார்த்தோமே, அதை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஐந்தாம் நாள் டாக்டரிடம் போய் அந்த மாத்திரையைக் கேட்பதில் பெரும்பாலானவர்களுக்குப் பயன் குறைவு.

மனிதர்களில் என்.கே. செல்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1989ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில், என்.கே. செல்களே இல்லாத ஒரு வளரிளம் பெண்ணின் நிலை விவரிக்கப்பட்டிருக்கிறது. சாதாரணமாகப் பிள்ளைகள் தாண்டி வந்துவிடும் ஹெர்பீஸ் வகைத் தொற்றுகள் அவளுக்கு உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு வந்தன. 2009 எச்1என்1 தொற்று தீவிரமாகி மருத்துவமனையில் இருந்த சிலரை ஆராய்ந்தபோது, ரத்தத்தில் என்.கே. செல்கள் குறைந்திருந்ததும் பதிவாகியிருக்கிறது. அவை குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் அவை குறைந்தனவா என்பதை அந்த ஒரு கணக்கை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

இதுவரை படித்தால், என்.கே. செல்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். வைரஸை மிக அதிக அளவில் கொடுத்த சில எலிச் சோதனைகளில், என்.கே. செல்களை நீக்கிய எலிகள்தான் அதிகம் பிழைத்தன. அளவாக வைரஸ் கொடுத்தபோது என்.கே. செல்கள் காப்பாற்றின. நுரையீரலில் தொற்றிய செல்கள் ஏராளமாக இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொன்றால், மூச்சு விடுவதற்குத் தேவையான சுவரே சிதைந்துபோகும். அழற்சிச் செய்திகள் பெருக்கெடுத்து நுரையீரலில் நீர் கோக்கும். கட்டுக்குள் இருக்கும் வரைக்கும்தான் இந்தச் செல்களால் நமக்கு லாபம்.

அதனால் 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று விற்கும் பவுடர்களையும் லேகியங்களையும் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எதைக் கூட்டுகிறார்கள், எவ்வளவு கூட்டுகிறார்கள், எப்போது நிறுத்துவார்கள்? காய்ச்சலும் உடம்பு வலியும் எதிர்ப்பு சக்தி வேலை செய்வதன் அடையாளம்தான் என்று தெரிந்தால், அதை இன்னும் கூட்டிக்கொள்ள யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். கிடைக்கும் ஆதாரங்களை வைத்துச் சொன்னால், நம் கையில் இருப்பது என்.கே. செல்களைக் கெடுக்காமல் இருப்பதுதான். ஒரு ராத்திரி பாதித் தூக்கம் கெட்டாலே மறுநாள் அவற்றின் கொல்லும் திறன் குறைவதை 1990களிலேயே அளந்திருக்கிறார்கள். நைட் ஷிஃப்ட் போகிறவர்களுக்கு இதைப் படித்தால் கோபம் வரும், நியாயம்தான், தூக்கம் எல்லோர் கையிலும் இல்லை. சிகரெட் புகையும் அவற்றை மந்தமாக்குகிறது. வயதானவர்களுக்கு என்.கே. செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை, சில சமயம் கூடக்கூடும். ஆனால் ஒவ்வொரு செல்லின் வீரியம் குறைகிறது.

வட சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று டீசல் புகை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கனரக வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைத் திருவொற்றியூரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மணலி, எண்ணூர் ஆலைகளின் புகை வேறு. மனித ரத்தத்திலிருந்து எடுத்த என்.கே. செல்களை டீசல் புகைத் துகள்களோடு வைத்து, வைரஸ் வந்தது போன்ற தூண்டுதலைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013ல் வந்தது. துகள்கள் பட்ட செல்களில் பெர்ஃபோரினும் கிரான்சைமும் குறைந்தன, கொல்லும் திறனும் குறைந்தது. இது கண்ணாடிக் குடுவைக்குள் நடந்த சோதனை. இதை மட்டும் வைத்து, இங்கே ஃப்ளூ அதிகம் வருவதற்குப் புகைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காற்றைச் சுத்தமாக வைக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஆஸ்துமாவோடு சேர்த்துச் சொல்ல இன்னொரு காரணம் கிடைக்கிறது.

அப்புறம் தடுப்பூசி. ஆன்டிபாடி வேறு துறை, என்.கே. செல் வேறு துறை என்று நினைத்துவிடக்கூடாது. ஆன்டிபாடி ஒய் வடிவத்தில் இருக்கும். இரண்டு கைகளால் அது தொற்றிய செல்லின் மேல் நிற்கும் வைரஸ் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என்.கே. செல்லில் சி.டி.16 என்ற ஏற்பி அந்த வாலைப் பிடிக்கும். பிடித்த கணத்தில் மிக வலுவான தூண்டுதல் கிடைக்கும், உடனே கொல்லும் வேலை தொடங்கிவிடும். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும் மாற வேண்டியிருப்பதற்குக் காரணம், ஹீமாக்ளூட்டினினின் தலைப்பகுதி அடிக்கடி உருமாறுவது. அதன் தண்டுப்பகுதி அவ்வளவாக மாறுவதில்லை. தண்டைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் எலிகளைக் காப்பாற்ற, அவற்றின் வாலை நோயெதிர்ப்புச் செல்கள் பிடித்துக்கொள்வதும் தேவைப்பட்டது என்று 2014ல் காட்டினார்கள். பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரே தடுப்பூசி தயாரிக்க முயல்பவர்கள் இந்த வழியைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கிடைக்கும் தடுப்பூசி தொற்றை முழுக்கத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது, நோய் முற்றுவதைக் குறைக்கும். போட்ட பிறகு பலன் வர இரண்டு வாரம் ஆகும். சென்னைக்கு அக்டோபர், நவம்பர் உச்சம் என்பதால், மழை பிடிப்பதற்கு முன்பே, செப்டம்பர் வாக்கில் போட்டுக்கொள்வது கணக்குக்குச் சரியாக வரும். வீட்டில் 65 வயது தாண்டிய ஆயாவோ தாத்தாவோ, கர்ப்பிணியோ, ஐந்து வயதுக்குள் குழந்தையோ, சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களோ இருந்தால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், முதல் நாளே போய்விடுங்கள். மற்றவர்களும் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால், அல்லது காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி வேகமாக ஏறினால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விட்டுப்போய்த் திரும்பி வரும் காய்ச்சல், ஃப்ளூவால் புண்ணான நுரையீரலில் பாக்டீரியா குடியேறியதன் அறிகுறியாக இருக்கலாம். ஆன்டிபயாடிக்குக்கு உண்மையாகவே வேலை இருப்பது அந்த இடத்தில்தான், அதுவும் டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்தால்.